எட்சன் எழுதிய வரியும் எழுதாத வரியும்

பழுதுபார்க்க வரும் எந்தக் கருவியையும், சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போதுதான் எட்சன் திறப்பான். மூடியைக் கழற்றியதும் உள்ளே இருப்பதைப் போனில் படம் எடுத்து அவரிடமே காட்டுவான். "நல்லா பாத்துக்கிடுங்க. பொறவு அது காணல, இது காணலன்னு சொல்லப்பிடாது" என்பான். குளச்சல் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கடை போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை அவனைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. சொல்லிவிடுவார்களோ என்று அவனுக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

சொந்த ஊர் கடியப்பட்டணம். அப்பா சிலுவைதாசன் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். மகனுக்குக் கடலில் குமட்டும். அதனால் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, ஷார்ஜாவில் கப்பல் கருவிகளைச் சரிசெய்யும் பட்டறை ஒன்றில் எட்டு வருடம் வேலை பார்த்தான். அங்கே ரேடார்களைச் சோதிப்பதற்கு அவனாகவே ஒரு சின்ன நிரல் எழுதினான். மேலாளர் அதைத் தான் எழுதியது என்று மேலிடத்தில் காட்டிப் பேர் வாங்கிக்கொண்டார். எட்சன் போய்க் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "இதுல உன் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். எங்கேயும் இல்லை. பெயர் போட வேண்டும் என்று எழுதும்போது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அவன் பெயர் போடாத பொருளே கிடையாது. கடையிலுள்ள குறடு, திருப்புளி எல்லாவற்றின் பிடியிலும் சூட்டுக் கம்பியால் 'எட்சன்' என்று இழுத்து வைத்தான்.

கடைக்கு அப்பால் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. அது அவன் மனைவி ஜினிஷாவைத் தவிர குளச்சலில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கணினி ஓடுவதற்கு அடிப்படையாக இயங்குதளம் என்று ஒன்று வேண்டும். காசு கொடுத்து வாங்குவதும் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்து, பிரித்துப் பார்த்து, மாற்றிக்கொள்ளும் கட்டற்ற வகையும் உண்டு. டெர்ன் என்பது இரண்டாவது வகை. பல நாடுகளில் இருக்கும் ஐம்பது அறுபது பேர் சம்பளமில்லாமல் எழுதிச் சேர்ப்பது. அவர்களில் எட்சனும் ஒருவன்.

அவன் எழுதியது ஒரு டிரைவர். ஒரு கருவியும் கணினியும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்லும் நிரல் அது. கொரோனா அடைப்பில் வள்ளங்கள் கரையில் கிடந்த மாதங்களில் தொடங்கினான். மீன்பிடிக்காரர்கள் மலிவு விலையில் வாங்கும் எக்கோ சவுண்டர் பெட்டி ஒன்று இருந்தது. கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கடலின் ஆழத்தைச் சொல்லும். பழைய மடிக்கணினி ஒன்றில் டெர்னைப் போட்டு அதோடு இந்தப் பெட்டியை இணைத்துவிட்டால், ஒரு வள்ளத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் பெட்டியில் ஒரு கோளாறு. ஒரு பாகம் என்பது ஆறடி; ஆழம் ஐந்து பாகத்துக்கும் குறைந்தால் இரட்டித்துக் காட்டும். கரையை ஒட்டிப் பாறை கிடக்கும் இடத்தில்தான் ஆழம் தெரிய வேண்டும். அங்கே பார்த்துப் பெட்டி பொய் சொன்னது.

நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினான். முதலில் வரும் பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டால் உண்மை வருகிறது என்று கண்டுபிடித்தான். எவ்வளவு நேரம் என்பதுதான் சிக்கல். முப்பது போதவில்லை, நாற்பது கூடிப்போனது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முப்பத்தேழு. அந்த எண் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. குமட்டலைப் பொறுத்துக்கொண்டு அப்பாவின் கூட்டாளி வள்ளத்தில் பதினொரு தடவை போய்வந்து கண்டது.

அந்த முப்பத்தேழைத்தான் போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள் ஓரியலில் பார்த்தான்.

ஓரியலும் கட்டற்ற இயங்குதளம்தான். ஒரு காலத்தில் டெர்னும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. உரிமத்தின் பேரில் தகராறு வந்து பிரிந்தன. டெர்ன்காரர்களின் உரிமம் சின்னது: எடு, என்ன வேண்டுமானாலும் செய், விற்றுக்கொள், ஆனால் எழுதியவர் பெயரையும் இந்த வரிகளையும் அழிக்காதே. ஓரியல்காரர்களுக்கு அது போதாது. எடு, மாற்று, ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் நீயும் இதே உரிமையோடு திறந்து கொடு, பூட்டி வைக்காதே என்பது அவர்கள் கட்டளை. இதனால் நடந்தது என்னவென்றால், டெர்னிலிருந்து ஓரியலுக்கு எடுக்கலாம். பெயரை மட்டும் காப்பாற்ற வேண்டும். ஓரியலிலிருந்து டெர்னுக்கு எழுதியவர் சம்மதமில்லாமல் ஒரு வரியும் வரக்கூடாது. வாய்க்கால் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்று டெர்ன்காரர்களுக்கு எப்போதும் ஒரு புழுக்கம்.

எட்சன் திரையில் பார்த்த கோப்பில் அவன் பெயர் இல்லை. தலைப்பில் 'ஓரியல் குழு' என்று இருந்தது. கீழே ஓரியலின் உரிமம். சேர்த்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பிகனி' என்று ஏதோ புனைபெயர். உள்ளே முப்பத்தேழு.

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. ஷார்ஜாவில் மேலாளர் முன்னால் நின்றது நினைவுக்கு வந்தது. பிறகு நிதானமாக யோசித்தான். இந்தப் பெட்டியை இந்தப் பக்கத்தில் விற்பவர் ஒருவர்தான். கோளாறுள்ள பெட்டி வந்ததும் அவருக்குத்தான். அப்படியென்றால் திருடியவன் வெளிநாட்டில் இல்லை. குளச்சலிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறான்.

விற்பவர் முருகதாஸ். நாகர்கோவிலிலும் குளச்சலிலும் கடை வைத்திருக்கும் வியாபாரி, ஐம்பத்தைந்து வயது. எட்சன் அன்றைக்கு மத்தியானமே போனான்.

"அண்ணாச்சி, அந்த எக்கோ பெட்டி யாரெல்லாம் வாங்கினான்னு எனக்கு ஒரு லிஸ்ட் வேணும்."

முருகதாஸ் கல்லாவில் இருந்தபடியே அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்காக்கும்?"

"ஒரு விசயம் தெரியணும்."

"வாங்கினவன் பேரை ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தா நாளைக்கு எவன்லே என் கடைக்கு வருவான்?"

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் யாராவது வாங்கினானா? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ஓர்மை இல்ல, எட்சா." சொல்லிவிட்டு அவர் உள்ளே இருந்த ஆளிடம் எதையோ கேட்பதுபோல் எழுந்து போய்விட்டார்.

முருகதாஸ் அப்படி முகம் திருப்புகிற ஆள் இல்லை. சாயா வாங்கித் தராமல் அனுப்பவும் மாட்டார். எட்சன் படியிறங்கும்போதே முடிவு கட்டிவிட்டான்: இவருக்குத் தெரியும், ஒருவேளை இவரே கோப்பை எடுத்துக் கொடுத்திருக்கவும் கூடும். முந்தின வருடம் அவர் கடைக் கணினியில் டிரைவரைப் போட்டுக் காட்டியதே அவன்தான்.

வீட்டுக்கு வந்து ஜினிஷாவிடம் சொன்னான். அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்சு. பேண்டேஜ் சுற்றுவதுபோல் எதையும் அளவாகச் சொல்லுகிறவள்.

"இஞ்ச பாருங்க, அந்த பிகனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டா என்ன?"

"கேட்டா முழிச்சிக்கிடுவான். அழிக்க வேண்டியதை அழிப்பான்."

"நெட்டுல இருக்கது அழியாதுன்னு நீங்கதான சொன்னிய?"

 டெர்ன் ஆட்கள் எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அன்று சாயங்காலம் ஒரு நீளமான கடிதம் எழுதினான். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இது திருட்டு என்று எழுதினான். எடுத்தவர் என்னிடமிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருப்பவர் என்றும் எழுதினான்.

இரண்டு பக்கமும் பற்றிக்கொண்டது. டெர்ன்காரர்கள் பழைய கணக்குகளை எல்லாம் கிளறினார்கள். இது முதல் தடவையா என்றார்கள். ஓரியல்காரர்கள், உங்கள் உரிமமே யாரும் எடுத்துக்கொள் என்றுதானே சொல்லுகிறது, பிறகென்ன அழுகை என்றார்கள். மூன்று நாளில் நானூறு கடிதம். எட்சனை முன்பின் தெரியாதவர்கள் அவனுக்காகச் சண்டை போட்டார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. அதே சமயம், இவ்வளவு பேர் எதற்காக நமக்காகப் பேசுகிறார்கள் என்றும் ஒரு அரிப்பு இருந்தது.

நான்காம் நாள் கடையில் இருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"எட்சன் சார்தான? என் பேரு பூங்கனி. தோவாளையிலேருந்து பேசுதேன். நீங்க தேடுத கள்ளி நானாக்கும்."

எட்சன் சத்தமில்லாமல் பேச்சைப் பதிவு செய்யும் பொத்தானை அமுக்கினான். "சொல்லுங்க மேடம்."

"நேர்ல பாத்துப் பேசினா நல்லது. சனிக்கிழமை எங்க ஊர்ப் பக்கம் ஒரு குளத்துல வேலை இருக்கு. வாறியளா?"

"எதுக்கு அங்க?"

"அந்தப் பெட்டிய அங்கதான் வச்சிருக்கேன். நீங்களே பாத்துக்கிடலாம்."

வலை விரிக்கிறாளோ என்று இரண்டு நாள் யோசித்தான். போய் எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னால் போடக்கூடாது என்று ஜினிஷாவிடம் சொன்னான். "ஒருத்தி குளத்துக்குக் கூப்பிடுதா. பத்திர ஆபீசுக்கு இல்ல" என்றாள் அவள்.

தோவாளையில் பஸ் இறங்கியபோது பூச்சந்தை கலைந்துகொண்டிருந்தது. வாழைநாரும் மிதிபட்ட செவ்வந்தியுமாகக் கிடந்த ரோட்டைத் தாண்டி, வயல் வரப்பு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் குளம். லாரி டியூப் நாலைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை போட்ட மிதவையில் முப்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் தொப்பி, மடியில் மடிக்கணினி. பக்கத்தில் அதே பெட்டி.

பூங்கனி பாலிடெக்னிக்கில் ஆசிரியை. சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களாக இருந்தவர்களின் குடும்பம். குளங்களில் எவ்வளவு சேறு சேர்ந்திருக்கிறது என்று அளந்து விவசாயச் சங்கத்துக்குக் கணக்குக் கொடுப்பதை விடுமுறை வேலையாக வைத்திருந்தாள். தூர்வாரியதாகச் சொல்லும் குளம் நிஜமாகவே ஆழமாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. குளத்தில் ஆழம் எப்போதும் ஐந்து பாகத்துக்கும் குறைவுதான். பெட்டி ஒருநாளும் உண்மை சொல்லாது. கல்லூரி நாளிலிருந்தே அவள் ஓரியல்காரி. வழி தேடியபோது டெர்னில் எட்சனின் டிரைவர் கிடைத்தது.

"பேரை எதுக்கு அழிச்சிய?" கரையில் நின்றபடியே எட்சன் கேட்டான்.

"மேல ஏறுங்க சார். காட்டுதேன்."

ஏறினான். மிதவை ஆடியது. பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் மடிக்கணினியைத் திருப்பினாள். ஓரியலுக்கு அவள் முதன்முதல் அனுப்பிய கடிதம். அதோடு இருந்த கோப்பின் தலையில் அவன் பெயர், டெர்னின் உரிமம், 'இதை எழுதியவர் குளச்சல் எட்சன், அருமையான வேலை' என்று ஒரு வரி. அடுத்த கடிதம் வேறொருவருடையது. அவள் கோப்பையும் இன்னொரு கோப்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டதாக ஓரியலின் பொறுப்பாளர் எழுதியிருந்தார். சேர்க்கும்போது இரண்டு தலைப்பையும் எடுத்துவிட்டுப் பொதுத் தலைப்பைப் போட்டிருந்தார். அவர் பெரிய குற்றமாக அதை நினைத்ததாகவே தெரியவில்லை.

"இதை நான் கவனிச்சிருக்கணும். கவனிக்கல. அது என் தப்புதான்" என்றாள் பூங்கனி. "ஆனா இந்தக் கடிதம் அஞ்சு மாசமா எல்லாரும் பாக்கும்படியாத்தான் கெடக்கு. நீங்க ஒரு படி பின்னால போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

தேதிகளை மாற்றியிருப்பாளோ என்று பார்த்தான். தன் போனிலேயே ஓரியலின் பக்கத்தைத் திறந்து சரிபார்த்தான்.  எல்லாம் சரியாக இருந்தது.

"முருகதாஸ் அண்ணாச்சி உங்க பேரைச் சொல்லமாட்டேன்னுட்டாரே?"

"பெட்டி கோளாறுன்னு போன மாசம் போய்ச் சொன்னேன். எல்லாரும் திருப்பிக் கொண்டு வந்திருவாவளோன்னு அவருக்குப் பயம். வெளிய சொல்லாதீங்கன்னு என்னையக் கும்பிட்டாரு."

எட்சனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை, ஏனென்றால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு இருக்கு சார். சொல்லாண்டாம்னுதான் இருந்தேன். நீங்க எல்லாரு முன்னாலயும் திருட்டுன்னு எழுதினதுக்குப் பொறவு சொல்லாம இருக்கப்பிடாது."

அவன் எழுதிய டிரைவரைத் திறந்தாள். தண்ணீரின் சூட்டைப் பொறுத்து ஒலி ஓடும் வேகம் மாறும். அதற்கான அட்டவணை ஒன்று அதில் இருந்தது. இருபத்தெட்டு டிகிரிக்கு நேராக 1514 என்று இருந்தது.

"கடல் தண்ணிக்கு இது 1541 வரணும். எண் இடம் மாறிப்போச்சு. ஓரியல்லயும் பல வருசமா இதே தப்பு இருந்துச்சு. ரெண்டு வருசம் முன்ன நான்தான் திருத்தினேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே தப்பை ரெண்டு பேரு தனித்தனியா செய்வாவளா?"

கீழே அந்த அட்டவணையைப் படிக்கும் முப்பது வரிகள் இருந்தன. ஓரியலின் பழைய கோப்பைப் பக்கத்தில் வைத்தாள். வரிக்கு வரி ஒன்று.

"அது வெறும் நம்பர்தான" என்றான் எட்சன். சொல்லும்போதே குரல் அவனுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன். காப்பி அடிக்கல."

 குளத்தில் ஒரு நீர்க்காகம் முங்கி வேறொரு இடத்தில் எழுந்தது.

அடைப்புக் காலத்தில் ஒரு நாள் அந்த முப்பது வரிகளை எடுத்து ஒட்டியது அவனுக்கு நினைவிருந்தது. பிறகு நன்றாக மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தான். பிறகு மறந்தான். மறந்தானா, மறந்ததாக வைத்துக்கொண்டானா என்று அந்த மிதவையில் உட்கார்ந்து பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. ஓரியல்காரர்கள் அழித்தது பெயரை. அவனோ எழுதியவர் பெயரையும் அழித்து, பூட்டி வைக்காதே என்ற அவர்கள் கட்டளையையும் அழித்து, தன் பெயரை மேலே எழுதியிருந்தான். நாற்பது பாகத்தில் முக்கால் பாகம் குறைவாகக் காட்டுகிறது என்று கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தார்கள். நீங்கள் ஆழம் பார்க்கும் கயிறுதான் தப்பு என்று அவன் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவனுக்குப் பூங்கனிமேல்தான் சந்தேகம் வந்தது. இவ்வளவு தெரிந்தும் ஏன் ஐந்து மாதமாகச் சும்மா இருந்தாள்? நாளைக்குப் பிடித்து ஆட்டுவதற்கு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாளா? சத்தமில்லாமல் அட்டவணையை மாற்றி எழுதிவிட்டால் என்ன? பழைய கோப்பு எல்லோர் கணினியிலும் இருக்கிறது, அழியாது. மூன்று நாள் அவள் குழுவில் எழுதிவிட்டாளா என்று மணிக்கொரு தடவை பார்த்தான். அவள் எழுதவில்லை. அது அவனை இன்னும் வாட்டியது.

ஜினிஷா அவன் சாப்பிடாததைக் கண்டு கேட்டாள். முழுக்கச் சொன்னான்.

"நீங்க அடுத்தவன் பெட்டியத் தொறக்கும்போது அவனைப் பக்கத்துல நிறுத்துவியளே. இது மட்டும் ஏன் ஆள் இல்லாதப்பத் தொறந்திய?" என்றாள்.

மறுநாள் காலையில் அவன் கடையைத் திறக்கவில்லை. எழுதினான். பெயரை அழித்தது ஓரியலின் கவனக்குறைவு, திருட்டு அல்ல, பூங்கனிமேல் பழி இல்லை. அதற்குக் கீழே: முப்பது வரியும் ஒரு அட்டவணையும் நான் ஓரியலிலிருந்து கேட்காமல் எடுத்தவை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவன் டிரைவரை டெர்னிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவனுக்காகச் சண்டை போட்டவர்களில் ஒருவர், இனி இவர் அனுப்பும் எதையும் நான் தொடமாட்டேன் என்று எழுதினார். ஓரியலின் பக்கம் சிலர் கேலி செய்தார்கள். அந்தப் பொறுப்பாளர் மட்டும் கேலி செய்யவில்லை. எட்சனின் பெயரைக் கோப்பின் தலையில் திரும்பப் போட்டுவிட்டு, மன்னிக்கவும் என்று ஒரு சொல் எழுதினார்.

மூன்று வாரம் டிரைவர் வெளியே கிடந்தது. டெர்ன் ஓடும் வள்ளங்களில் பழையபடியே வேலை செய்தது, ஆனால் புதிதாக யாருக்கும் போட்டுக் கொடுக்க அவன் கை வரவில்லை. அந்த முப்பது வரிகளை முதலில் எழுதியவர் யார் என்று பூங்கனி தேடிப் பிடித்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் ஒருவர். ஓரியலை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. எட்சன் அவருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் கேட்டான். பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது: 'எந்த உரிமத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். 1541 என்று திருத்திக்கொள்ளுங்கள்.'

அதன்பிறகு அந்தப் பெட்டிக்கு ஒரே டிரைவர் என்று பூங்கனிதான் பேச்செடுத்தாள். இரண்டு இடத்திலும் தனித்தனியே வைத்துத் திருத்துவதற்குப் பதில் நடுவில் ஒரு இடத்தில், டெர்னின் சின்ன உரிமத்தில். அதிலிருந்து இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளட்டும். ஓரியலில் எதிர்ப்பு வந்தது. நாளைக்கு ஒரு கம்பெனி இதை எடுத்துப் பூட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் எட்சனிடமும் இல்லை, அவளிடமும் இல்லை. "இந்த ஒரு டிரைவருக்கு மட்டும்" என்று எழுதி ஒத்துக்கொண்டார்கள். அரை மனசாகத்தான்.

இப்போது இரண்டு பேரும் அதைச் சேர்ந்து பார்க்கிறார்கள். சேர்ந்து என்றால் சிரித்துப் பேசிக்கொண்டு அல்ல. அவள் ஒரு வரி அனுப்பினால் அவன் மூன்று தடவை படிப்பான். அவன் அனுப்பினால் ஓரியலின் பழைய கோப்புகளோடு அவள் ஒப்பிட்டுப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் அது தெரியும். அதை மறைப்பதும் இல்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து அதே பெட்டியின் புது மாடல் வந்தது. முருகதாஸ் எட்சனைக் கூப்பிட்டுச் சாயா கொடுத்தார். அவனுக்கும் பூங்கனிக்கும் ஆளுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டியைத் தந்து, "கோளாறு இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லு, பொறவு ஊருக்குச் சொல்லு" என்றார். பூங்கனி முதல் பன்னிரண்டு வரிகளைத் தை மாதத்தில் ஒரு காலையில் அனுப்பினாள்.

எட்சன் படித்துவிட்டு எழுதினான்: 'டீச்சர், ஏழாவது வரி எங்கேருந்து வந்தது?'

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'நேத்து வயலுக்குப் போற வழியில யோசிச்சது. உங்க அடுத்த கேள்வி என்ன?'

அவன் ஓரியல், டெர்ன் இரண்டிலும் தேடிப் பார்த்தான். அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. மத்தியானம் ஒரு வள்ளக்காரர் ஜி.பி.எஸ். கருவியோடு வந்து நின்றார். அவரைப் பக்கத்தில் நிறுத்தி, திறந்து, சரிசெய்து அனுப்பினான். பிறகு இன்னொரு முறை தேடினான். சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னிரண்டு வரிகளையும் சேர்த்து, எழுதியவர் என்ற இடத்தில் பூங்கனியின் முழுப் பெயரைத் தட்டச்சு செய்து, எழுத்துப் பிழை இல்லையே என்று பார்த்துவிட்டு அனுப்பினான்.